நமக்குள் நாலு வார்த்தை: ஊசி ஏறுமுன்

சென்ற திங்கள் இப்பகுதியில், மாற்றலாகி வரும் குடும்பங்கள் வீடு பிடிக்கப் படும் பாட்டைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் வேறொரு வாயிலில் நிற்கிறோம். அது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. நாம் மருத்துவம் பயின்றோமில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகமொன்றில் பதிவேடு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் நம் தாயாரின் கட்டிலருகே ஐந்து இரவு விழித்திருந்தபோது கண்டதையும், பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் நம்மவர்க்குச் சொல்லாதிருப்பது முறையன்று.

தாயாருக்கு வயது 68. நீரிழிவு உண்டு. ஊரைவிட்டு நாகபுரிக்கு நம்முடன் வந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. கடுங்காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்டு, இரவு 11 மணிக்கு ஒரு மருத்துவமனையிற் கொண்டு சேர்த்தோம். மருத்துவர் பார்த்தார், நிமோனியா என்றார், சீட்டில் மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிறகு வந்தவர் நர்ஸ், கேரளத்துப் பெண். “இதற்கு முன் எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?” என்று இந்தியிற் கேட்டார். இல்லை என்றோம். மீண்டும் கேட்டார். மீண்டும் இல்லை என்றோம். மூன்றாம் முறை கேட்டபோது நமக்குச் சினம் வந்துவிட்டது. “முதலில் ஊசியைப் போடுங்கள், விசாரணை பிறகு நடக்கட்டும்” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டோம்.

அவர் நம்மை விட்டுவிட்டுத் தாயார் பக்கம் திரும்பி, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அதையே கேட்டார். தாயார் மூச்சு வாங்கியபடி, “ஒரு தரம் நம்ம ஊர்ல பெனிசிலின் ஊசின்னு போட்டாங்கம்மா. உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, உசுரு போயி வந்துது” என்றார். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததாம். அக்காலத்தில் நாம் வேலை தேடிச் சென்னையில் அலைந்துகொண்டிருந்தோம். பெற்ற தாய்க்கு நேர்ந்தது மகனுக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறோம்!

நர்ஸ் கையிலிருந்த மருந்தைத் தட்டில் வைத்துவிட்டார். சீட்டில் எழுதியிருந்தது அமாக்ஸிசிலின் கலந்த ஊசி. அது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம்பிசிலினும் பைப்பராசிலினும் அக்குடும்பத்தனவே. ஆனால் கடையில் அவை விற்கப்படும் பெயர்களைப் பார்த்தால் அவ்வுறவு நமக்குத் துளியும் புலப்படாது. முன்பொருமுறை உதடு வீங்கியவருக்கு மறுமுறை தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் விழுந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வமயம் உடனே தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஏற்றவேண்டும். அம்மருந்தும் கட்டிலருகே ஆயத்தமாக இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டதை நாம் கவனித்தோம்.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் லீவோஃபிளாக்ஸாசின் என்ற வேறு இனத்து மருந்தைச் சொன்னார். நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, பெயர், அளவு, எவ்வழியாக, எத்தனை மணிக்கொருமுறை என்பதையெல்லாம் மருத்துவருக்கே திருப்பிப் படித்துக் காட்டினார். பிறகு வந்து கையெழுத்திடுமாறும் கேட்டுக்கொண்டார். இதைக் கேட்டதும் இரயில்வேக்காரனாகிய நமக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு நிலையத்து மாஸ்டர் அடுத்த நிலையத்தாரிடம் லைன் கிளியர் கேட்கும்போது, பிரைவேட் நம்பர் ஒன்றைப் பெற்று, அதைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதிய பின்னரன்றோ வண்டியை விடுகிறார்? காதில் விழுந்ததை நம்பி வண்டி விடுவோர் நம் துறையில் எவருமிலர்.

மாற்று மருந்து கிடைத்தவுடன் வேலை முடிந்ததென்று நினைத்தோம். அப்படியன்று. லீவோஃபிளாக்ஸாசின் சிறுநீரகத்தின் வழியே கழிவது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவைக் குறைக்கவேண்டும். ஆகவே கிரியேட்டினின் சோதனை முடிவு வந்துவிட்டதா என்று நர்ஸ் கேட்டு வாங்கினார். அம்மருந்து நீரிழிவுக்காரரின் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவோ உயர்த்தவோ கூடும் என்பதால், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் வேலை அன்றிரவு அடிக்கடி நடந்தது. நரம்பில் ஏற்றும்போது 750 மில்லிகிராமுக்கு 90 நிமிடமாவது செல்லவேண்டுமாம்; விரைந்து ஏற்றினால் இரத்த அழுத்தம் இறங்கும். இதை அறியாமல், சொட்டு மெதுவாக விழுகிறதே என்று குழாயின் உருளையைச் சற்றுத் திருகிவிடலாமா என எண்ணி நாம் கையை நீட்டியதும் உண்மை. “சேட்டா, தொடாதீங்க!” என்று அவர் அதட்டினார். நம்மவரிற் பலர் இதைச் செய்கின்றனர். பொட்டாசியம் கலந்த பாட்டிலில் இப்படிக் கைவைத்தால் இதயமே நின்றுவிடக் கூடும்.

மருந்துச் சீட்டு எழுதுபவர் மருத்துவரே. ஆனால் மருந்துக்கும் நோயாளியின் இரத்தத்துக்கும் இடையேயுள்ள கடைசி வாயில் நர்ஸின் கைதான். கொடுக்கலாமா, நிறுத்திக் கேட்கலாமா என்று அவ்விடத்தில் நின்று அவர் முடிவு செய்யவேண்டும். முடிவு செய்வதற்கு வேண்டிய செய்திகளிற் பாதி நம்மிடமே இருக்கிறது. உரிய ஆள், உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்று ஐந்தைச் சரிபார்க்க நர்ஸுகளுக்குக் கற்பிக்கிறார்கள். இவற்றுள் முதலாவதிலேயே வெளிமாநிலத் தமிழர்க்கு ஒரு வில்லங்கம் உண்டு.

நம் பெயர்கள் இங்குள்ளோர்க்குப் பிடிபடுவதில்லை. சுப்பிரமணியன் மகன் முருகன் என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஊரில் அவர் எஸ். முருகன். இங்கே விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென ஓர் இடம் இருப்பதால் முருகன் சுப்பிரமணியன் ஆகிறார்; ஒரு வாரத்தில் வார்டில் வெறும் சுப்பிரமணியன். அதே வார்டில் உண்மையான சுப்பிரமணியன் ஒருவர் படுத்திருந்தால்? நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இருவரும் தலையசைப்பர். எனவேதான் கட்டில் எண்ணை நம்பாமல், பெயருடன் பிறந்த தேதியையோ பதிவெண்ணையோ சேர்த்துப் பார்க்கிறார்கள். கையிற் கட்டிய பட்டையை அரிக்கிறதென்று அவிழ்த்தெறியாதீர்கள். “நீங்கள் முருகனா?” என்று கேட்டால் ஆமென்பதோடு நில்லாமல், முழுப் பெயரையும் தந்தை பெயரையும் தாமே சொல்லிவிடுவது நல்லது.

அளவு விஷயத்தில் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறோம். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு உள்ள இன்சுலினும் உண்டு; 100 அலகு உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 அலகு. இரண்டரை மடங்கு! வீட்டிலிருந்து சொந்த இன்சுலினைக் கொண்டுபோவோர் புட்டியையும் சிரிஞ்சையும் சேர்த்தே நர்ஸிடம் காட்டவேண்டும்.

இன்னொன்று, தாய்மார்கள் மன்னிக்கவேண்டும். நர்ஸ் அப்பால் சென்றதும் முந்தானையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதில் இருப்பது பாரசிட்டமால். சளிக்கென்று வாங்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் அதுவே. மருத்துவமனையில் நரம்பு வழி ஏற்றும் ஒரு பாட்டிலில் 1 கிராம் பாரசிட்டமால் இருக்கும். நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவர்க்கே நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்க்கும் கல்லீரல் கெட்டவர்க்கும் இன்னும் குறைவு. நர்ஸ் தம் கணக்கை எழுதுகிறார். முந்தானைக் கணக்கை எவர் எழுதுவது? கஷாயமும் லேகியமும் அப்படியே. கொடுத்துவிட்டால் கொடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள், திட்டினாலும் பாதகமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் மருந்தினால் நேரும் தீங்கைக் குறைக்கவேண்டுமென்று ஒரு பெருமுயற்சியைத் தொடங்கிற்று. நம் நாட்டில் மருந்தின் கெட்ட விளைவுகளைப் பதிவு செய்யும் திட்டம் 2010 முதல் நடந்து வருகிறது; காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தர ஆணையம் அதைக் கவனிக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

ஆறாம் நாள் தாயாரை வீட்டுக்கு அழைத்து வருமுன், அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவருக்கு அந்த இரவு சரியாக நினைவில்லை. நம்மைப் போல் எத்தனை பேரோ! “பேப்பர்ல எழுதி வையுங்க” என்று மட்டும் சொன்னார். அதன்படி ஒரு தாளில் தாயாரின் முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, எடை, நோய்கள், அன்றாட மாத்திரைகளும் அளவும், ஒவ்வாத மருந்து பெனிசிலின், அப்போது நேர்ந்தது என்ன என்பவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, நகலொன்றைத் தாயாரின் சுருக்குப் பையிற் போட்டிருக்கிறோம். வெற்றிலைக் கறை படாதிருக்கப் பிளாஸ்டிக் உறையும் உண்டு. இந்தி எழுதவராத அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு விவரங்களோடு வந்தால் எழுதித் தருகிறோம். மாத்திரை அட்டைகளையும் மறவாமற் கொண்டு வருக. “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொன்னால் நமக்கும் விளங்காது.