பழைய பேனாவும் ஓர் அமானிதமே

எழுதுகோலுக்கு ஏற்றம் தந்த இறைவனுக்கே எல்லாப் புகழும். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் எழுதுகோலின் பெயரையே தாங்கி நிற்கிறது. கையிலும் உடையிலும் கறை படியாத, மையைத் தன்னுள்ளே தேக்கிக்கொள்ளும் எழுதுகோல் ஒன்றைச் செய்து தருமாறு ஃபாத்திமிய கலீஃபா அல்முயிஸ் (ஆட்சி 953–975) பணித்தார் என்னும் செய்தியை அவர்காலத்து நீதிபதி அந்நுஃமான் எழுதி வைத்துள்ளார். இத்தகைய மரபுக்குரிய நாம், நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய மைப்பேனாக்களை எவ்வாறு நடத்துகிறோம்? ஒன்று, குப்பையில் எறிகிறோம். அன்றேல், தேய்த்து மினுக்கி அவற்றின் அடையாளத்தை அழிக்கிறோம். இரண்டும் பிழை என்பதே எம் கருத்து. இரண்டாவது பிழையைச் செய்தவர் யாமே ஆதலின், அதனை எடுத்துரைக்கும் கடமையும் எமக்குண்டு.

ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற வேப்பூரில் எம் தந்தையார் வணிகர் சிலருக்கும் பள்ளிவாசலுக்கும் கணக்கெழுதி வந்தார்கள். அவர்கள் வஃபாத்தான பின்னர், கணக்கேடுகளுக்கிடையே கறுப்பு நிறப் பேனா ஒன்று கிடைத்தது. "அத்தாவின் பார்க்கர் பேனா" என்றே அது வீட்டில் வழங்கிற்று. மை உறைந்து கழுத்துத் திருகு அசையவில்லை. பொறுமையிழந்து கொதிநீரில் இட்டோம். திருகு இளகியது, ஆயின் கறுப்பு உடல் பழுப்பேறிப் போயிற்று. பழுப்பைப் போக்கப் பித்தளைப் பாலீஷ் இட்டுத் தேய்த்தோம். பளபளப்பு மீண்டது; உடலில் கீறல்போல் தென்பட்ட சில கோடுகள் மறைந்தன. யாமும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி பேனா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதனைக் காட்டும் வரையே நிலைத்தது. அவர் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தார். கந்தக வாடை வீசிற்று. "இது எபொனைட் தம்பி, கையால் கடைந்தது. செய்தவர் பெயரை இந்த இடத்தில்தான் பொறிப்பார்கள்" என்று அவர் தொட்டுக் காட்டிய இடம், யாம் தேய்த்து வழவழப்பாக்கிய இடமே.

எபொனைட் என்பது இரப்பருடன் மிகுதியாகக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய பொருள். நெல்சன் குட்இயர் என்பார் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெந்நீரும் வெயிலும் பட்டால் இதன் கருமை பழுப்பாக மாறும். சுட்ட கலம் மீண்டும் களிமண் ஆகாது என்பதைப் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டாரத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இதுவும் அத்தகையதே.

அது பார்க்கர் என்ற வீட்டுப் பேச்சும் ஆராய்ந்தபோது நிற்கவில்லை. நம் ஊர்களில் பெரிதும் போற்றப்பட்ட பார்க்கர் 51, 1941இல் விற்பனைக்கு வந்தது. அதன் உடல் எபொனைட் அன்று. அக்ரிலிக் வகையைச் சார்ந்தது. அதன் நிப்பும் பெரும்பகுதி மூடுண்டிருக்கும். எம் தந்தையாரின் பேனாவோ நிப்பு வெளியே தெரிவது. கழுத்தைத் திருகிக் கழற்றி மைநிரப்பியால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றுவது.

அயல்நாட்டுப் பெயர் போனதற்காக வருந்துவதா? வேண்டியதில்லை. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்பார் செய்த சுதேசிப் பேனா, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளைச் சேர்ந்தது. அதனைப் பாராட்டி அடிகள் 1935இல் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் இன்றும் எபொனைட் பேனாக்கள் கையால் கடையப்படுகின்றன. இத்தகைய உழைப்பாளர் ஒருவரின் பெயரையே யாம் தேய்த்தழித்தோம். "பார்க்கர்" என்று முன்னரே முடிவு செய்துவிட்டமையால், எதிரில் இருந்த எழுத்து எமக்குக் கீறலாகத் தோன்றிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறியது புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால். ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கும் உழைப்பின்றி அத்தகைய பணி கைகூடாது. பேனாவும் ஓர் ஏடு போன்றதே. நிப்பில் உள்ள பெயரை மட்டும் கொண்டு பேனாவின் ஊரைச் சொல்லலாகாது. நிப்பு இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். உடல், மூடி, கவ்வி, நிப்பு, மை ஊற்றும் முறை ஆகிய அனைத்தும் ஒத்துச் சான்று கூறல் வேண்டும்.

ஆகவே, பழைய பேனா கையில் கிடைப்பின் முதலில் அதனைப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு, சாய்ந்த ஒளியில் எழுத்துகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், எபொனைட் உடலைத் தவிர்த்து, நிப்பும் கழுத்தும் மட்டும் நனையுமாறு குளிர்ந்த நீரில் வைத்து, நீரை மாற்றி மாற்றி உறைந்த மையைக் கரையுங்கள். நாள்கள் சில ஆகலாம். சாராயக் கரைசலும் பாலீஷும் வேண்டா. உள்ளே இரப்பர்ப் பை இருந்து அது மக்கியிருந்தால் பையை மட்டும் மாற்றுக. எழுதுவதற்குத் தேவையானதைச் செய்தபின் கையை எடுத்துவிடுக.

கைப்பேசியில் எழுதும் காலத்தில் இஃதெல்லாம் எதற்கு என மாணவர் வினவலாம். நம் முன்னோரின் கடிதங்களும், பள்ளிவாசல் கணக்குகளும், அரபுத்தமிழ்ச் சுவடிகளும் இன்னும் பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. நாளை அவை உங்கள் கைக்கு வரும். ஒரு பேனாவைப் பொறுமையாகப் பார்க்கப் பழகாத கை, அவற்றையும் அவசரத்தால் சிதைத்துவிடும். பெரியோர்கள் தம் பழைய பேனாக்களைப் பிள்ளைகளிடம் தந்து, எங்கே வாங்கியது, யார் தந்தது, எதை எழுதியது என்பதையும் சொல்லி வைத்தல் வேண்டும். எம் தந்தையாரிடம் யாம் அதனைக் கேட்கவில்லை.

அந்தப் பேனா இன்று எழுதுகிறது. இக்கட்டுரையின் முதற்படி அதனால் எழுதப்பட்டதே. அதன் பெட்டியில் ஒரு சீட்டும் வைத்துள்ளோம்: "கையால் கடைந்த எபொனைட் பேனா. செய்தவர் பெயர் எம் அவசரத்தால் அழிந்தது." நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் குறையின்றி அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பிக்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.