வண்ண மீனும் நீர்த்தெள்ளும்

கொளத்தூர்ச் சந்தைக்கு வண்ண மீன் வளர்க்கும் அங்கத்தினர் சிலர், குஞ்சுகளின் இரைக்காகச் சாக்கடைக் குட்டைகளில் வலை வீசுவதைத் தணிக்கையின்போது கண்டோம். இரையோடு நோயும் தொட்டிக்குள் புகுகிறது. ஒரு தொட்டிக் குஞ்சு முழுதும் மடிந்தால் கடன் தவணை எங்கிருந்து வரும்?

மொய்னா என்னும் நீர்த்தெள்ளைச் சிமெண்டுத் தொட்டியிலேயே வளர்க்கலாம். குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது. கிணற்று நீரை வெயிலில் வைத்து, பச்சை பிடித்தபின் தெள்ளை விடவேண்டும். அப்பாசியே அதன் இரை. நமது வெப்பத்தில் நாலைந்து நாட்களில் பருவமடைந்து, நீர் நன்றாயிருக்கும்வரை ஆணின்றியே குட்டி ஈனும். ஈஸ்ட்டை அளவுமீறிக் கரைத்தால் நீர் கெட்டு யாவும் மாளும். அவசரக்காரர் தோற்பது இங்கேதான். பிராணவாயு குறைந்தால் தெள்ளின் உடல் சிவக்கும்.

மீன் தொட்டிக்குக் கடன் தந்து தெள்ளுத் தொட்டிக்கு மறுப்பது, பசுவை வாங்கித் தந்து வைக்கோலுக்குக் கை விரிப்பதை ஒக்கும். அடுத்த மகாசபையில் அங்கத்தினர் இதனைத் தீர்மானமாகக் கொணரவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.