கூரை ஏறும் தோழர்களுக்கு

மே மாதம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நம்மவர்களுக்கோ அதுதான் வேலைக் காலம். மும்பையில் ஜூன் மழை இறங்குமுன் பள்ளிக் கூரைகளைச் செப்பனிட்டாக வேண்டும். மேலே ஏறுகிறவரும் நம்மவர். கீழே துடைப்பம் பிடிக்கிற அம்மாவும் நம்மவர்.

சென்ற விடுமுறையில் ஒரு பள்ளியில் நாம் கண்ட காட்சி இது. பழைய சிமெண்ட் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். வராந்தா முழுதும் வெள்ளைத் தூசி. அதை ஆயா ஒருவர் வறட்டுத் துடைப்பத்தால் கூட்டுகிறார். மேஸ்திரியிடம் கேட்டோம். "சிமெண்ட் தூசிதானே அண்ணாச்சி, மூஞ்சியைக் கழுவினால் போச்சு" என்றார்.

போகாது தோழர்களே! அந்த ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். உடையாமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். மூச்சுத் திணறலும் புற்றுநோயும் 20, 30, 40 வருடம் கழித்துத் தலைகாட்டும். அப்போது காண்டிராக்டர் எங்கே, மேஸ்திரி எங்கே? பீடி குடித்தாய், வந்தது என்று கணக்கை முடித்துவிடுவார்கள். (பீடியும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு என்பதும் உண்மைதான்.)

கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பள்ளிக் கூரை ஏறும் தினக்கூலி ஆலைத் தொழிலாளி அல்லவே! 2009இல் கேரள மனித உரிமைக் கமிஷன் அரசுப் பள்ளிகளின் கல்நார்க் கூரைகளைப் படிப்படியாக மாற்றச் சொன்னது. மாற்றட்டும். மாற்றுகிற கைகளின் கதி? ரிஜிஸ்தரில் பெயர் இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் வேலை செய்யாது என்பதை ரயில்வே அலுவலகத்தில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறோம்.

ஆகவே ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். அதன்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள்; பலகை போட்டு நில்லுங்கள். தூசியைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது. வடிகட்டி உள்ள முகமூடியைக் காண்டிராக்டரிடம் கேளுங்கள். வேலைச் சட்டையை வீட்டில் உதறாதீர்கள். சும்மா கிடைக்கிறதே என்று உடைசல் ஷீட்டை மோரிக்கு மறைப்பாகக் கொண்டுவராதீர்கள்.

சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். கூரை வேலைக்குப் போனவர்கள் பள்ளியின் பெயர், காண்டிராக்டர் பெயர், வேலை செய்த தேதிகள் மூன்றையும் ஞாயிறு காலை வந்து பதிந்து செல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், நாம் எழுதிக்கொள்கிறோம்.