பாலூட்டும் கடமை தாய்க்கு மட்டுமா?

உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் 'அலிமா முலையூட்டுப் படலம்' என்று ஒரு படலத்தையே அமைத்தார். பாலூட்டுதலைக் காப்பியப் பொருளாகப் போற்றிய மரபு நம்முடையது. இன்றோ, "இக்காலப் பெண்கள் பாலூட்ட விரும்புவதில்லை" என்று பழித்துரைப்பதோடு நம் கடமை முடிந்ததென இருந்து விடுகிறோம். இப்பழி நேர்மையானதா என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால், ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே, பின்னர் இணை உணவுடன் இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன என்கிறது. ஆயினும் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே. ஆறு திங்களுக்குட்பட்டோரில் தாய்ப்பால் மட்டுமே பருகியோர் சுமார் 55 விழுக்காடு. முந்தைய ஆய்வினும் இது உயர்வே. எனினும் இந்திய அளவான 64ஐ எட்டவில்லை.

காரணம் யாது? தமிழகத்துப் பேறுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை. மயக்கமும் வலியும் நீங்காத தாயிடம் குழந்தை வந்து சேர்வதற்குள், சேனை என்றும் சர்க்கரைத் தண்ணீர் என்றும் புட்டிப்பால் என்றும் பிறர் புகட்டி விடுகின்றனர். குழந்தை சப்பச் சப்பவே பால் சுரக்கும். புட்டி நுழைந்தால் சப்புதல் குறையும், சுரப்பும் குறையும். "பால் போதவில்லை" என்பது பல இடங்களில் புட்டிப்பாலுக்குக் காரணமன்று, அதன் விளைவே. பால்மாவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் உற்றார் வாய்மொழியைத் தடுக்க எச்சட்டத்தால் இயலும்?

அடுத்தது பிழைப்பு. சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பகுதிகளிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் செல்லும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு 26 வார விடுப்பு வழங்கியது. அதில் எட்டு வாரங்களைப் பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொண்டால், எஞ்சுவது 18 வாரம், நான்கு திங்களே! ஆறு திங்கள் அறிவுரை அங்கேயே முறிகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்பதும் சட்டமே. ஆனால் வீடு ஓரூரிலும் வேலை வேறூரிலுமாயின், கைக்குழந்தையைப் பேருந்தில் சுமந்து செல்வது எங்ஙனம்? களையெடுக்கச் செல்லும் கூலிப் பெண்ணுக்கோ ஊதியத்துடன் விடுப்பு என்பதே இல்லை.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு ஈராண்டுக் காலத்தைக் குறிக்கிறது. அதே வசனம் தாய்க்குரிய உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பாலூட்டுபவள் தாயாயினும் அதற்குத் துணை நிற்பது சுற்றத்தின் கடமை என்பதன்றோ இதன் கருத்து!

ஆதலின், பேறு முடிந்த வீட்டிற்குப் பால்மாவு டப்பாவுடன் செல்லாதிருப்போம். மருமகளின் வீட்டுப்பணியைச் சில திங்கள் பிறர் ஏற்கட்டும். தொழிற்சாலைக் காப்பகங்கள் ஏட்டளவில் நில்லாது இயங்குகின்றனவா எனச் சமுதாயப் பெரியோர் கேட்கட்டும். நாளை தந்தையராகவிருக்கும் மாணவர்கள் இதனை இன்றே கற்கட்டும். தாயைக் குறை கூறுவதை விடுத்து, அவளுக்கு நேரமும் ஓய்வும் அளிப்போமாக!