பழி தாய்மார்க்கோ?

மக்கட்பெருக்கம் என்றதும் ஏழைத் தாய்மாரைக் குறைகூறுவோர் உளர். கணக்கு உரைப்பதோ வேறு. 2001 முதல் 2011 வரை தமிழகம் 15.6 விழுக்காடு வளர்ந்தது. திண்டிவனம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தின் வளர்ச்சி 16.8, அதன் வடக்கே அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலோ ஏறத்தாழ 39! காஞ்சியில் மட்டும் தொட்டில்கள் பெருகினவா? அன்று. சென்னைப் புறநகரும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளும் வெளியூர் மக்களை ஈர்த்தன.

விழுப்புரத்திலிருந்தோ பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர். ஆயினும் தொகை பெருகிற்று. 2011இல் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடு, இம்மாவட்டத்திலோ 72. அதிலும் மகளிர் பின்தங்கினர். பெண்கல்வி குன்றுமிடத்தில் திருமணம் விரைகிறது, மகப்பேறு மிகுகிறது.

ஆகவே, திண்டிவனத்துச் சிற்றூர்ப் பெண்மகள் பள்ளியோடு நின்றுவிடாமல் கல்லூரி வாயில் வரை வர வழிசெய்வோம். அறிவுரையினும் அதுவே வலிது.