மழை கொட்டும் ஊரிலும் காலிக் குடம்

கேள்வி: "காரியாபட்டி பக்கம் மானாவாரியில் பருத்தி, குதிரைவாலி, மக்காச்சோளம் போடுகிறேன். சின்ன வயதிலிருந்து கூடப் படித்த நண்பன், 'மாப்ள, மழை பெய்யாத ஊர்ல மண்ணைக் கிண்டி என்ன ஆகப்போகுது? வித்துட்டு வேற பொழப்பைப் பார்ப்போம்' என்று நச்சரிக்கிறான். அதற்கு முன்னால், முதுகில் பையை மாட்டிக்கொண்டு, நன்றாக மழை பெய்யும் பச்சைப்பசேல் சீமை ஒன்றை இருவருமாக நடந்து பார்த்துவர ஆசை. எங்கே, எப்போது போகலாம்? போய்வந்தால் விவசாயிக்குப் பயன் உண்டா?"
- வாசகர், காரியாபட்டி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். நிலத்தை விற்கும் பேச்சை மட்டும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய சீமை மேகாலயா. அங்குள்ள காசி மலையில் இருக்கும் மௌசின்ராமும், இன்று சோரா என்று அழைக்கப்படும் சிரபுஞ்சியும் உலகிலேயே மிக அதிக மழை பெறும் ஊர்கள். ஆண்டுச் சராசரி 11,000 மி.மீட்டருக்கும் மேல். நம் விருதுநகர் மாவட்டத்தில் பெய்வது சுமார் 800 மி.மீ. 1995 ஜூன் 16 அன்று சிரபுஞ்சியில் ஒரே நாளில் 1,563 மி.மீ. கொட்டியது. ஏறக்குறைய நம்முடைய இரண்டு வருஷத்து மழை!

சென்னையிலிருந்து கவுகாத்திக்கு ரயில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸும் கவுகாத்தி வழியாகத்தான் செல்கிறது. அங்கிருந்து ஷில்லாங் சுமார் 100 கி.மீ. ஷில்லாங்கிலிருந்து சோரா 50 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். நமக்கு விதைப்பு வேலை புரட்டாசியில்தான் சூடுபிடிக்கும் என்பதால் ஆடியில் கிளம்பலாம். அங்கே அது அடைமழைக் காலம். துணிமணியைத் தடித்த பாலித்தீன் உறைக்குள் கட்டுங்கள். வழுக்காத ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் அட்டை ஏறும். ஒரு பொட்டலம் உப்பு கையில் இருக்கட்டும். சிவகாசித் தீப்பெட்டியே ஆனாலும் அந்த ஈரத்தில் நமத்துத்தான் போகும். மழை வலுத்தால் பள்ளத்தாக்கில் இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சோறுதான் சாப்பாடு. அந்தக் கவலை வேண்டாம்.

போனால் மூன்று விஷயங்களை விவசாயியின் கண்ணோடு பாருங்கள்.

முதலாவது, வேர்ப்பாலம். சோராவுக்குக் கீழே டிர்னா என்ற ஊரிலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் நோங்ரியாட் வரும். அங்கே ஓடைக்கு மேல் இரண்டு அடுக்காக ஒரு பாலம். ஆல் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் உயிருள்ள வேர்களை, குடைந்த பாக்கு மரத்தின் வழியாக எதிர்க்கரைக்கு இழுத்து வளர்த்திருக்கிறார்கள். ஆள் நடக்கும் பலம் வருவதற்கே 15, 20 வருஷம் பிடிக்கும். தாத்தா தொடங்கிவைத்ததில் பேரன் நடக்கிறான். நம் கண்மாய்களும் அப்படி வந்தவைதான். வெட்டியவர் யாரோ, குடிமராமத்து செய்து காத்தவர் யாரோ, தண்ணீர் பாய்ச்சியது நாம்.

இரண்டாவது, மூங்கில் சொட்டுநீர். ஜெயந்தியா, காசி மலைச்சரிவுகளில் சுமார் 200 ஆண்டுகளாக இருக்கும் முறை இது. மலை ஊற்றிலிருந்து மூங்கில் குழாய்கள் வழியாக நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் தண்ணீரை இறக்கி, வெற்றிலை, மிளகு, பாக்குக்குப் பாய்ச்சுகிறார்கள். தலைப்பில் நிமிடத்துக்கு 18 முதல் 20 லிட்டர் நுழையும் நீர், கிளை பிரிந்து பிரிந்து செடியின் அடியில் நிமிடத்துக்கு 20 முதல் 80 சொட்டாக விழுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இவ்வளவு மழை பெய்கிற நாட்டில் சொட்டுநீர் எதற்கு என்று உங்கள் நண்பர் கேட்பார். அதற்கான பதில் மூன்றாவது விஷயத்தில் இருக்கிறது.

சோராவில் குளிர்காலம் வந்தால் குடிநீருக்கே தட்டுப்பாடு. நம் ஊர்ப் பெண்களைப் போலவே அங்கும் குடத்தோடு ஊற்றைத் தேடி நடக்கிறார்கள். மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. செங்குத்தான சரிவு. மேல்மண் அரித்துப்போய்ப் பாறை தெரிகிறது. காடும் குறைந்துவிட்டது. பெய்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் அடிவாரத்து வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. ஈரப் பாலைவனம் என்றே அந்த ஊரைச் சொல்கிறார்கள்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 4,047 லிட்டர். ஐப்பசியில் 25 மி.மீ. அளவில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். வருஷத்துக்கு 800 மி.மீ. என்றால் 32 லட்சம் லிட்டர். 100 அடி நீளம், 100 அடி அகலம், 5 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால், கரைச்சரிவு போகச் சுமார் 12 லட்சம் லிட்டர் நிற்கும். பருத்தி காய் பிடிக்கும்போது மழை ஏமாற்றினால், ஓர் உயிர்த்தண்ணீர் கொடுத்து வெள்ளாமையைக் காப்பாற்ற அது போதும். அவ்வளவு இடம் விட முடியாதவர்கள் கோடை உழவு போட்டு, சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தினாலே பாதி ஓட்டம் நின்றுவிடும். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோராக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதற்காக நம் பக்கம் வறட்சியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மழை பொய்க்கிற வருஷத்தில் எந்தக் குட்டையும் நிறையாது; கடன் வாங்கி விதைத்தவர் வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் நண்பருக்குக் கடன் நெருக்கடி இருந்தால் அது தனிக்கணக்கு. உட்கார்ந்து பேச வேண்டியது. மழை இல்லை என்பது மட்டுமே காரணமென்றால், பெய்த மழை எங்கே போனது என்று பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அதைப் பார்க்க ரயில் ஏற வேண்டியதில்லை. மேகாலயா போகும் முன்பே ஒரு நாள் விடியற்காலையில் அதே பையை மாட்டிக்கொண்டு, உங்கள் கண்மாயின் வரத்துக்காலைத் தலைப்பிலிருந்து உள்வாய் வரைக்கும் இருவருமாக நடந்து பாருங்கள். எங்கே சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே மண் மேடிட்டிருக்கிறது, மடையும் கலுங்கும் எப்படி இருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அதை மனுவாக எழுதி கிராம சபையில் கொடுங்கள். வண்டல் அள்ள வட்டாட்சியரிடம் அனுமதி கேளுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் இந்த வேலையில் பாதி முடிந்தாலும், வருகிற மழையில் கண்மாய்க்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதை நண்பரே அளந்து சொல்லட்டும்.