4 எழுத்தில் அடங்குமா மனித குணம்?

"பெண்ணுக்கு என்ன ராசி? என்ன நட்சத்திரம்?"

நம் ஊரில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான்.

தென் கொரியாவில் இளவட்டங்கள் இப்போது வேறு கேள்வி கேட்கிறார்கள். "உன்னுடைய 4 எழுத்து என்ன?"

"நான் ஐ.என்.எப்.பி." என்கிறாள் பெண்.

"ஐயையோ! நான் இ.எஸ்.டி.ஜே. ஆயிற்றே! நமக்குள் ஒத்துவராதே!" என்கிறான் பையன். காபி ஆறுவதற்குள் காதல் ஆறிவிடுகிறது!

இந்த 4 எழுத்துக்கு "எம்.பி.டி.ஐ." என்று பெயர். மனிதர்களை 16 ரகமாகப் பிரிக்கும் சோதனை இது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால், "நீ இன்ன ரகம்" என்று 4 எழுத்து கொடுத்துவிடுவார்கள்.

கொரியாவில் இது பேச்சோடு நிற்கவில்லை. 2022-ம் ஆண்டில் சில கடைக்காரர்கள் வேலைக்கு ஆள் தேடி விளம்பரம் செய்தார்கள். அதில், "இன்ன இன்ன எழுத்துக்காரர்கள் விண்ணப்பம் போடவேண்டாம்" என்று குறிப்பிட்டிருந்தார்கள். அங்கே பெரிய சர்ச்சையே கிளம்பியது.

"கொரியாக்காரர் எப்படிப் போனால் நமக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா?

கொரியா தூரத்தில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி 1998 முதல் கார் செய்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் சாம்சங். வல்லம் வடகாலில் ஜப்பானின் யமஹா. ஒரகடத்தில் ஜப்பானின் கோமட்சு. சாலை ஓரத்தில் கொரியச் சாப்பாட்டுக் கடைகளைக்கூடப் பார்க்கலாம்.

கொரியத் தொடர்களைக் கைபேசியில் பார்க்கும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். "பி.டி.எஸ்." என்ற கொரியப் பாட்டுக் கோஷ்டியினர் தங்கள் 4 எழுத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். ரசிகைகள் சும்மா இருப்பார்களா? "என் எழுத்து என்ன?" என்று அவர்களும் தேடத் தொடங்கினார்கள்.

இந்த மோகம் ஒரு மதம்போல ஆகிவிடுமா? ஆங்கிலத்தில் "கல்ட்" என்று சொல்லுவார்கள். ஒரு குரு, அவருக்குக் கண்மூடிய சீடர்கள், கேள்வி கேட்டால் ஆகாது என்ற கட்டுப்பாடு. அந்த மாதிரிக் கூட்டமாக இது மாறுமா?

மருமகனை ஆராய்ந்த மாமியார்!

இந்தச் சோதனையை உண்டாக்கியது ஒரு தாயும் மகளும்.

தாயின் பெயர் கேதரைன் பிரிக்ஸ். அமெரிக்கப் பெண்மணி. 1875-ல் பிறந்தவர். மகள் பெயர் இசபெல். கல்லூரியில் படித்த இசபெல், கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற வாலிபரை மணந்துகொண்டார்.

வருங்கால மருமகனைப் பார்த்ததும் தாய்க்கு வியப்பு. பையன் நல்லவன். ஆனால், தம் வீட்டார் யாரைப்போலவும் இல்லை. "ஒரு மனிதன் ஏன் இப்படி வேறு மாதிரி இருக்கிறான்?" என்று ஆராயத் தொடங்கினார். (நம் ஊர் மாமியார்களும் இந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர்கள்தான். அவர்கள் புத்தகம் போடவில்லை, அவ்வளவே.)

சுவிட்சர்லாந்தின் மனோதத்துவ டாக்டர் கார்ல் யுங் மனித ரகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 1923-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்த கேதரைன், தன் சொந்தக் குறிப்புகளை நெருப்பில் போட்டுவிட்டாராம்! பிறகு யுங்கைப் புகழ்ந்து பாட்டுக்கூட எழுதினார். பக்தி அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

ஆனால், யுங்குக்கு இந்த முத்திரை குத்தும் வேலை பிடிக்கவில்லை. ஆளைப் பார்த்ததும் "இன்ன ரகம்" என்று பெயர் ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். குரு சொன்னதைச் சீடர்கள் கேட்கவில்லை!

இரண்டாவது உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைக்கு வந்தார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த வேலை பொருந்தும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் மகள் இசபெல் கேள்வித்தாள் தயாரித்தார். தாயும் சரி, மகளும் சரி, மனோதத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. இசபெல் அதற்கு முன்பு துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர்.

தொழிற்சாலை வாசலில் நிற்கும் பெண்களுக்காகப் பிறந்த சோதனை இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமா, குட்டையா?

சோதனையில் 4 ஜோடிக் குணங்கள் உண்டு. கலகலப்பாகப் பழகுகிறவரா, ஒதுங்கி இருப்பவரா? கண்ணால் கண்டதை நம்புகிறவரா, ஊகித்து அறிகிறவரா? மூளை சொல்வதைக் கேட்பவரா, மனசு சொல்வதைக் கேட்பவரா? திட்டம் போட்டு நடப்பவரா, போகிற போக்கில் போகிறவரா? ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று. ஆக மொத்தம் 16 ரகம்.

இதில் என்ன தப்பு?

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஓர் ஊரில் 5 அடி 4 அங்குலத்தில் கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர் எல்லாம் "உயரம்". கீழே இருப்பவர் எல்லாம் "குட்டை". கோட்டுக்குக் கால் அங்குலம் மேலே ஒருவர். கால் அங்குலம் கீழே ஒருவர். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசமே தெரியாது. ஆனால், சீட்டில் ஒருவர் உயரம், ஒருவர் குட்டை!

குணமும் அப்படித்தான். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். ஆபீசில் வாய் திறக்காதவர், கல்யாண வீட்டில் கல்லுப்போலப் பேசாமல் இருப்பாரா? அன்றைக்கு அவர்தான் பந்தியைக் கலக்குவார். அதனால்தான் ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடியும் சோதனை எழுதினால் எழுத்து மாறிவிடுகிறது. பாதிப்பேர் வரைக்கும் இப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கைபேசியில் இலவசமாக எழுதுகிறார்களே, அது அசல் சோதனைகூட அல்ல. வேறொரு கம்பெனியின் சரக்கு.

"எனக்கு அப்படியே பொருந்துகிறதே!"

"அது எல்லாம் சரி. எனக்கு வந்த பதில் அச்சாகப் பொருந்துகிறதே!" என்று பலர் சொல்லுவார்கள்.

1948-ல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்ட்ரம் போரர் ஒரு வேலை செய்தார். தன் மாணவர்கள் 39 பேருக்குக் குணச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். "உன் குணம் இதில் இருக்கிறது. எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க்குப் போடு" என்றார்.

மாணவர்கள் படித்தார்கள். மலைத்துப்போனார்கள். சராசரி மார்க்கு 4.26!

பிறகுதான் குட்டு உடைந்தது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே வாசகம்! கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்! "உனக்குத் திறமை இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை" என்கிற தினுசு. இது யாருக்குத்தான் பொருந்தாது?

ராஜினாமா செய்த மந்திரி

ஜப்பானில் எழுத்துக்குப் பதில் ரத்தம். "ஏ" ரத்தக்காரர் ஒழுங்கு, "பி" ரத்தக்காரர் முன்கோபி என்று ஒரு நம்பிக்கை. 1927-ல் புருகாவா என்ற ஆசிரியர் கிளப்பிவிட்டார். 1971-ல் நோமி என்ற எழுத்தாளர் போட்ட புத்தகம் வீடுதோறும் பரப்பியது.

2011 ஜூலையில் நடந்தது இது. சுனாமியால் அழிந்த ஊர்களைக் கட்டி எழுப்ப ரியு மட்சுமோட்டோ என்பவரை மந்திரியாகப் போட்டார்கள். அவர், பாதிக்கப்பட்ட பகுதிக் கவர்னர்களிடம் மரியாதை இல்லாமல் பேசினார். மக்கள் கொதித்தார்கள். அவர் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? தமக்கு "பி" ரத்தம், அதனால் சட்டென்று பேசிவிடுவதாகச் சொன்னார்! பதவி ஏற்ற ஒரு வாரம் கழித்து ராஜினாமா செய்தார்.

2014-ல் நவாட்டா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 10 ஆயிரம் பேருக்கு மேல் எடுத்த விவரங்களைச் சோதித்தார். ரத்தத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் கிடைக்கவில்லை.

அப்படியானால், இது மடமா?

மடத்தின் அடையாளங்களில் சில இங்கேயும் உண்டு. தனி பாஷை உண்டு. வெளி ஆளுக்கு "இ.எஸ்.டி.ஜே." என்றால் என்ன புரியும்? மெர்வே எம்ரே என்ற எழுத்தாளர், இந்தச் சோதனையை நடத்துவதற்கான பயிற்சியில் சேர்ந்து, 2018-ல் புத்தகம் எழுதினார். "இதைச் 'சோதனை' என்று சொல்லக் கூடாது, 'கருவி' என்றுதான் சொல்லவேண்டும்" என்று பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்களாம்.

சந்தேகப்படுகிறவனை மடக்கும் தந்திரம் இதைவிட மோசம். "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லிப்பாருங்கள். "அப்படிச் சந்தேகப்படுவதே உங்கள் ரகத்தின் குணம்தான்!" என்று பதில் வரும். எதிர்ப்பும் சாட்சியாகிவிடுகிறது. நெற்றிக் கண்ணைத் திறந்தாலும் தப்ப முடியாது!

முத்திரை விளையாட்டு நிஜமாகவே குருகுலமான கதையும் உண்டு. 9 ரகமாக மனிதரைப் பிரிக்கும் "எனியகிராம்" என்ற முறை அது. 1970-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அரிக்கா என்ற பாலைவன ஊருக்கு அமெரிக்கர்கள் கூட்டமாகப் போனார்கள். ஆஸ்கார் இச்சாசோ என்பவரிடம் பாடம் கேட்க. அங்கே கற்ற நரான்ஹோ என்ற டாக்டர், பிறகு கலிபோர்னியாவில் சொல்லிக்கொடுத்தபோது, "வெளியே சொல்லக் கூடாது" என்று மாணவர்களிடம் வாக்கு வாங்கினார். வாக்கு நிற்கவில்லை. குறிப்புகள் கைமாறி உலகம் முழுவதும் போய்விட்டன.

ரகசியம் என்றதும் ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். ராமானுஜர்! 1017-ல் பிறந்தவர் என்பார்கள். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை, திருக்கோஷ்டியூர் கோவிலில் ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பது வைஷ்ணவ மரபுக் கதை.

எம்.பி.டி.ஐ. விஷயத்தில் என் அபிப்பிராயம் இதுதான்: விடுதி அறையில் 4 தோழிகள் சிரித்துக்கொண்டு எழுத்துப் பார்த்தால் அது மடம் அல்ல. சொத்தை எழுதி வாங்க அங்கே குரு இல்லை. நாளைக்கே மறந்துவிடலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால், எழுத்தைப் பார்த்து வேலை கொடுப்பதும் மறுப்பதும், பெண் கொடுப்பதும் மறுப்பதும் தொடங்கினால் விஷயம் வேறு. நம்பாதவரும் அப்போது அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். மடத்திலிருந்தாவது ஓடிவிடலாம், இதிலிருந்து எங்கே ஓடுவது?

சோதனையை விற்கிறவர்களே, "இதை வைத்து ஆள் எடுப்பது முறை அல்ல" என்று சொல்லுகிறார்கள். அதைக் கேட்காமல் ஆள் எடுப்பவர்களை என்ன சொல்ல?

நம் வீட்டு முத்திரைகள்

கொரியாவைப் பார்த்துச் சிரிக்கும் நாம் என்ன செய்கிறோம்? "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதாம்! 27 நட்சத்திரத்தில் மூலம் ஒன்று. ஆக, 27 ஆயிரம் பெண் குழந்தைகள் பிறந்தால், சுமார் ஆயிரம் குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே முத்திரை! அந்தக் குழந்தை ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. கொரியாவிலாவது கேள்வி கேட்டு முத்திரை குத்துகிறார்கள்!

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. குழந்தையின் கைரேகையை எடுத்து, "இது டாக்டர் ஆகும், இது பாட்டுப் பாடும்" என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். "டி.எம்.ஐ.டி." என்று பெயர். இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் கூறிவிட்டது. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு 10 கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

தொழிற்சாலை வாசல்

2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்பது செய்தி. "குடும்பப் பொறுப்பு இருக்கும், அடிக்கடி லீவு போடுவார்கள்" என்பது காரணமாம்.

இது 4 எழுத்து அல்ல, தாலி! ஆனாலும், விஷயம் ஒன்றுதான். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ரகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

மத்திய அரசு, தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் 100-க்கு 25 பேர் மணமான பெண்கள் என்று கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார்.

நவம்பரில் ராய்ட்டர் மறுபடியும் எழுதியது. வயது, ஆணா பெண்ணா, மணமானவரா என்ற நிபந்தனைகளை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடும்படி, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளுக்குக் கம்பெனி உத்தரவு போட்டிருப்பதாக அந்தச் செய்தி தெரிவித்தது.

விளம்பரத்தில் அந்த வரி போய்விட்டது. வேலை கேட்டுப் போகும் பெண்ணிடம் வாயால் அதே கேள்வியைக் கேட்கிறார்களா, இல்லையா? அதை அந்த வாசலில் நிற்கும் பெண்கள்தான் சொல்லவேண்டும்.